டன்னுக்கு ஒரு டாலர்

பொங்கலுக்கு வெளியான ஒரு படத்தைப் பார்க்கத்தான் முதன்முதலாக ஹோம்ஸ்டெட் போனேன். பிட்ஸ்பர்க்குக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மொனாங்கஹேலா ஆற்றங்கரையில் ஒரு பெரிய கடைவளாகம், அதற்குள் தியேட்டர். படம் முடிந்து வெளியே வந்தபோது பனி பெய்துகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தை ஒட்டி வரிசையாக 12 செங்கல் புகைபோக்கிகள் நின்றன. கீழே உலை இல்லை, கூரை இல்லை, ஆலையே இல்லை. அலங்காரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். என்னைக் காரில் கூட்டிவந்திருந்த அண்ணன் சிரித்தார். "இங்கதான் கண்ணு கார்னெகி மில்லு. நான் வந்த புதுசுல ஓடிட்டிருந்துச்சு. 86-ல மூடிட்டாங்க" என்றார். பாப்கார்ன் வாசனை இன்னும் கையில் இருந்தது.

அண்ணனுக்குச் சொந்த ஊர் சென்னிமலை. அப்பா கைத்தறி நெசவாளி. பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் சென்னிமலை அண்ணன் என்றே இருக்கட்டும். அவருக்கு எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி மேல் ஒரு தனிப் பிரியம். கார்னெகியும் கைத்தறி நெசவாளி மகன் என்பதுதான் காரணம். ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில் 1835-ல் பிறந்தவர். அப்பா பூவேலைத் துணி நெய்தவர். நீராவித் தறி வந்ததும் வீட்டுத் தறிக்கு வேலை இல்லாமல் போனது. 1848-ல் கடன் வாங்கிக் கப்பலேறி, பிட்ஸ்பர்க்கை ஒட்டிய அலெகெனிக்கு வந்தார்கள். பையன் பஞ்சாலையில் பாபின் எடுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தான். வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். அப்புறம் தந்தி ஆபீஸில் எடுபிடி. அந்த ஊரில் கர்னல் ஆண்டர்சன் என்பவர் தன்னிடமிருந்த சுமார் 400 புத்தகங்களை வேலை செய்யும் பையன்களுக்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்துவந்தார். தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும்தான் இலவசம், மற்றவர்கள் வருஷம் 2 டாலர் கட்ட வேண்டும் என்று பின்னால் ஒரு சட்டம் வந்தபோது, தந்திப் பையன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சண்டை போட்டு உள்ளே நுழைந்தான். அந்தப் பையன்தான் பெரியவனாகி உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தான். அண்ணன் இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அந்த 2 டாலரில் நிறுத்தி, நம் முகத்தைப் பார்ப்பார்.

எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. தாலுகா நூலகத்தில் ஓசியில் படித்து வளர்ந்த எவனுக்கும் பிடிக்கும். ஹோம்ஸ்டெட்டை ஒட்டிய மன்ஹாலில், மேட்டின்மேல் 1898-ல் திறந்த கார்னெகி நூலகம் இன்றும் நடக்கிறது. உள்ளே புத்தகங்கள் மட்டும் இல்லை. பெரிய இசையரங்கம் இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறது. என் மகள் நீச்சல் பழகியது அங்கேதான். அவள் தண்ணீரில் உதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் மேலே போய் ஏதாவது எடுத்துப் படிப்பேன். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, 1892-ல் அதே ஊரில் நடந்ததைப் படித்தேன்.

இரண்டு படகுகள்

1892 ஜூலை 6, விடிவதற்கு முன்னால், பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் 300 ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டு மூடிய படகுகளை ஒரு இழுவைக் கப்பல் ஆற்றில் இழுத்து வந்தது. கூலிப் பேச்சு முறிந்து கதவடைப்பு செய்யப்பட்டிருந்த கார்னெகி ஆலைக்குள் அவர்களை இறக்கிவிட வேண்டும். அவர்கள் காவலில் புது ஆட்களைக் கொண்டுவந்து வேலையைத் தொடங்க வேண்டும். நிர்வாகத் தலைவர் ஹென்றி கிளே ஃப்ரிக்கின் திட்டம் அது. அதற்காக முன்கூட்டியே ஆலையைச் சுற்றி சுமார் 3 மைலுக்கு வேலி போட்டு, மேலே முள்கம்பி சுற்றி, பலகைகளில் தோளுயரத்துக்குத் துளையும் போட்டு வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் அதற்கு 'ஃப்ரிக் கோட்டை' என்று பெயர் வைத்தார்கள். படகு வருவது தெரிந்து ஊரே கரைக்கு ஓடியது. யார் முதலில் சுட்டது என்பது இன்றுவரை வழக்கு. பகல் முழுக்கச் சண்டை. சாயங்காலம் பிங்கர்ட்டன் ஆட்கள் வெள்ளைக் கொடி காட்டிக் கரையேறினார்கள். இரண்டு பக்கமும் ஜனங்கள் நின்று அடிக்க, நடுவே அவர்கள் நடந்து போக வேண்டியிருந்தது. அடித்தவர்களில் பெண்களும் உண்டு. படகுகளைக் கொளுத்திவிட்டார்கள். தொழிலாளர்கள் 7 பேர், பிங்கர்ட்டன் ஆட்கள் 3 பேர் இறந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்த ஒருநாள் வெற்றி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. 12-ஆம் தேதி ஆளுநர் அனுப்பிய 8,500 படைவீரர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். 23-ஆம் தேதி அலெக்சாண்டர் பெர்க்மன் என்ற இளைஞன், ஹோம்ஸ்டெட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவன், ஃப்ரிக்கின் அறைக்குள் புகுந்து சுட்டான், குத்தினான். ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார், தொழிலாளர்கள் மேல் இருந்த அனுதாபம்தான் பிழைக்கவில்லை. நவம்பரில் தொழிலாளர் சங்கம் போராட்டத்தைக் கைவிட்டது.

இதையெல்லாம் படிப்பதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்தியது சண்டை இல்லை, சண்டைக்கு முந்தைய பேச்சுவார்த்தை. அங்கே சங்க உறுப்பினர்களின் கூலி, பெசமர் முறையில் செய்த எஃகுக் கட்டியின் சந்தை விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். விலை எவ்வளவு விழுந்தாலும் கூலி இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிமட்டம் வைத்திருந்தார்கள். பழைய ஒப்பந்தத்தில் அது டன்னுக்கு 25 டாலர் விலை. நிர்வாகம் 22 என்றது, பிறகு 23-க்கு வந்தது. சங்கம் 24-க்கு இறங்கி வந்தது. அங்கே நின்றுபோனது. நடுவில் இருந்தது டன்னுக்கு ஒரே ஒரு டாலர்.

இன்னொரு விஷயமும் மேசையில் இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒப்பந்தம் முடியும் தேதியை ஜூன் 30-லிருந்து டிசம்பர் 31-க்கு மாற்ற வேண்டும் என்றது நிர்வாகம். கணக்கு வழக்குக்கு வசதி என்று இதைச் சொல்லிவிடலாம். ஆனால் பிட்ஸ்பர்க்கில் ஒரு ஜனவரியைக் கழித்தவனுக்கு அதன் அர்த்தம் உடனே புரியும். ஜூலையில் வேலை நின்றால் ஆற்றில் மீன் பிடித்தாவது ஓட்டலாம். ஜனவரியில் கரிக்குக் காசில்லாத வீட்டில் எத்தனை நாள் வேலைநிறுத்தம் தாங்கும்?

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். சங்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஆள் இல்லை நான். 3,800 பேர் வேலை பார்த்த ஆலையில் சங்கத்தில் இருந்தவர்கள் சுமார் 800 பேர்தான். எல்லோரும் கைத்தொழில் தேர்ந்தவர்கள். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்து மண் சுமந்த, கரி அள்ளிய கூலிகளைத் தங்களுக்குச் சமமாக அவர்கள் நினைத்ததில்லை. புதிய இயந்திரங்களில் நாங்கள் முதல் போட்டிருக்கிறோம், உற்பத்தி ஏறியிருக்கிறது, டன் கணக்கில் வாங்கும் கூலி தானாக ஏறிவிட்டது என்று நிர்வாகம் சொன்னதிலும் உண்மை உண்டு. எஃகுத் தண்டவாளம் 1870-களின் தொடக்கத்தில் டன் 100 டாலருக்கு மேல் விற்றது, நூற்றாண்டு முடிவதற்குள் 20 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. மேற்கே ரயில் பாதைகள் பெருகியது அந்த விலைச் சரிவில்தான். (தன் முதல் பெரிய எஃகு ஆலைக்குக் கார்னெகி எட்கர் தாம்சன் என்று பெயர் வைத்தார். தாம்சன் யார் தெரியுமா? பென்சில்வேனியா ரயில்வேயின் தலைவர். அதாவது தண்டவாளம் வாங்கப்போகிறவர். நம் ஊர் அரிசி மண்டிக்காரருக்குக்கூட இது தோன்றியிருக்காது.) இதில் ஒன்று என்னை நிறுத்தியது. கூலி குறைப்பால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் சில நூறு பேர்தான். இருந்தும் சங்கத்தில் இடமே கிடைக்காத அந்தக் கூலிகள் சங்கத்தோடு நின்றார்கள்.

கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். 1886-ல் ஒரு பத்திரிகையில், தொழிலாளிக்குச் சங்கம் அமைக்க உரிமை உண்டு, அடுத்தவன் வேலையை நீ எடுத்துக்கொள்ளாதே என்று பத்துக் கட்டளைகளோடு பதினொன்றாகச் சேர்க்கிற மாதிரி எழுதியவர். 1892 மே மாதம், நீங்கள் எது செய்தாலும் எங்களுக்குச் சம்மதம், மோதலே வந்தாலும் கடைசிவரை உங்களோடு இருக்கிறோம் என்று ஃப்ரிக்குக்கு எழுதியவரும் அவரே. செப்டம்பரில் இங்கிலாந்துப் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு எழுதும்போது, அந்த ஆலை முழுவதும் சேர்ந்தாலும் ஒரு சொட்டு மனித ரத்தத்துக்கு ஈடாகாது என்று வருந்தினார். மூன்றையும் அவர் மனதாரத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மனிதரை விட்டுத் தொலைக்க முடியவில்லை.

பரிகாரமா?

ரொம்ப நாள் நான் வைத்திருந்த விளக்கம் நம் ஊர் விளக்கம்தான். பாவம் செய்த ராஜா கோயில் கட்டுகிறான். ஹோம்ஸ்டெட்டில் ரத்தம் சிந்தியது, ஆறு வருஷத்தில் அதே ஊர் மேட்டில் நூலகம் எழுந்தது. பிரம்மஹத்தி தோஷம், பரிகாரம், தீர்ந்தது. பென் ஹில்ஸ் பெருமாள் கோயில் கேன்டீனில் புளியோதரை தின்றுகொண்டே இதை அண்ணனிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். "தப்புப் பண்ணுனான், திருத்திக்கிட்டான். எத்தனை பேரு திருத்திக்கறான் கண்ணு?"

இந்த விளக்கம் எனக்கு உடைந்தது நூலகத்தில் இல்லை, அலுவலகத்தில். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு வசந்த காலத்தில் எங்கள் குழுவில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மீதியிருந்தவர்கள் அவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்தோம். அடுத்த மாதம், காலியான மேசைகளை எடுத்துவிட்டு அந்த மூலையில் மெத்தை நாற்காலி போட்டுப் படிப்பறை ஒன்று திறந்தார்கள். சுவரில் அழகான அலமாரி. யாரும் வெட்கப்படவில்லை, யாரும் அதைப் பரிகாரமாக நினைக்கவும் இல்லை. எங்களுக்கு ஒரு நல்லது செய்வதாகவே மனமார நம்பினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பிராடக் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்.

பிராடக், ஹோம்ஸ்டெட்டுக்கு எதிர்க்கரையில், கொஞ்சம் மேலே இருக்கும் ஊர். எட்கர் தாம்சன் ஆலை அங்கேதான் இருக்கிறது, இன்றும் ஓடுகிறது. அந்த ஆலையைக் கட்டி நடத்திய கேப்டன் பில் ஜோன்ஸ், 8 மணி நேரம் வேலை பார்க்கிறவன் அதிக எஃகு தருகிறான் என்று வாதாடி மூன்று ஷிப்டு முறையைக் கொண்டுவந்திருந்தார். 1888-ல் கதவடைப்பு. பிங்கர்ட்டன் ஆட்கள் அங்கேயும் வந்தார்கள். சங்கம் உடைந்தது. 12 மணி நேர ஷிப்டு திரும்பி வந்தது. அடுத்த வருஷம், 1889 மார்ச்சில், அமெரிக்காவின் முதல் கார்னெகி நூலகம் பிராடக்கில் திறக்கப்பட்டது. அடித்தளத்தில் ஆலை ஆட்கள் குளிப்பதற்குக் குளியல் அறைகள்கூட உண்டு. திறப்பு விழாவில் கார்னெகியே பேசினார். ஹோம்ஸ்டெட்டுக்கும் இப்படி ஒன்று செய்யக் கூடாதா என்பதற்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இது: முதலில் ஹோம்ஸ்டெட் எங்களுக்கு ஏதாவது செய்யட்டும், ரொம்ப நாளாகக் காத்திருக்கிறோம். ஹோம்ஸ்டெட்டில் அப்போது சங்கம் உயிரோடு இருந்தது. அந்த வருஷமே ஒரு வேலைநிறுத்தத்தில் ஜெயித்து மூன்று வருஷ ஒப்பந்தமும் வாங்கியது. அந்த ஒப்பந்தம்தான் 1892-ல் முடிந்தது.

தாளில் இப்படி வந்தது: பிராடக்கில் சங்கம் போனது 1888, நூலகம் வந்தது 1889. ஹோம்ஸ்டெட்டில் சங்கம் போனது 1892, நூலகம் வந்தது 1898. பரிகாரம் என்றால் பாவத்துக்குப் பிறகு தோன்ற வேண்டும். இங்கே நூலகம் பற்றிய பேச்சு ரத்தத்துக்கு மூன்று வருஷம் முன்னாலேயே இருக்கிறது. அது ஒரு நிபந்தனையின் மறுபக்கம்.

1889-ல் அவர் செல்வத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். பணக்காரனாகச் சாவது அவமானம் என்ற அந்தக் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதற்குள் யாரும் அதிகம் எடுத்துக்காட்டாத ஒரு யோசனை இருக்கிறது. சேர்ந்த பெரும் பணத்தைச் சிறுசிறு தொகையாக ஜனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி வயிற்றுக்கும் வாய்க்குமாக வீணாகிவிடும். ஒருவர் கையில் இருந்து மொத்தமாகப் பொதுக் காரியத்துக்குச் செலவானால்தான் ஜனங்களுக்கே நல்லது. இதை அப்படியே டன்னுக்கு ஒரு டாலர் மேல் வைத்துப் பார்த்தேன். அந்த டாலரைக் கூலியாகக் கொடுத்தால் வீண். அதே டாலர் மேட்டின்மேல் நூலகமாகத் திரும்பி வந்தால் நல்லது. கூலியைக் குறைத்த கையும் நூலகத்தைக் கட்டிய கையும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் எழுதின. 12 மணி நேரம் வேலை பார்க்கிறவனுக்கு நூலகம் எதற்கு என்று அந்த ஊர் ஆட்களே அப்போது கேட்டிருக்கிறார்கள்.

மெக்லக்கி வாங்காத காசு

அடுத்த தடவை இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் மெக்லக்கியை எடுத்து வீசினார். ஜான் மெக்லக்கி, 1892-ல் ஹோம்ஸ்டெட்டின் நகரத் தலைவர், தானும் ஆலைத் தொழிலாளி. போராட்டம் தோற்றபின் வழக்குகள், கறுப்புப் பட்டியல், எங்கும் வேலை கிடையாது. கடைசியில் மெக்சிகோவில் ஒரு சுரங்கப் பகுதியில் கையில் காசில்லாமல் வேலை தேடிக்கொண்டிருந்தார். மனைவி இறந்திருந்தார், வீடு போயிருந்தது. கார்னெகியின் நண்பரான ஒரு பேராசிரியர் அங்கே அவரைத் தற்செயலாகச் சந்தித்துக் கடிதம் எழுத, கார்னெகி அந்தக் கடிதத்தின் ஓரத்திலேயே பென்சிலால் குறித்தனுப்பினார்: மெக்லக்கிக்கு எவ்வளவு வேண்டுமோ கொடுங்கள், என் பெயரைச் சொல்லாதீர்கள். பின்னால் பணம் யாருடையது என்று தெரிந்தபோது மெக்லக்கி கார்னெகியைப் பெரிய மனுசன் என்று பாராட்டினார். (அவர் சொன்ன சொல்லின் நேர்ப்பொருள் 'வெள்ளையான காரியம்'. நல்லது என்பதற்கு அன்றைக்கு அங்கே அப்படி ஒரு சொல் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு பதிவு வேண்டும்.) அந்த ஒரு வரியைத் தன் கல்லறையில் பொறித்தால் போதும் என்கிற அளவுக்குக் கார்னெகி சுயசரிதையில் பூரித்துப்போயிருக்கிறார்.

"சண்டை போட்டவனே மன்னிச்சுட்டான். உனக்கென்ன கண்ணு?" என்றார் அண்ணன்.

பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். பிறகு அந்தப் பக்கங்களை மறுபடி படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பேராசிரியர் பணத்தை நீட்டியபோது, யாருடையது என்று தெரியாத அந்த நேரத்திலேயே, மெக்லக்கி வேண்டாம் என்றிருக்கிறார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். பேராசிரியர் ரயில்வே கம்பெனியில் அறிமுகம் செய்துவைத்ததை மட்டும் ஏற்றுக்கொண்டு, அங்கே வேலை பார்த்து நிமிர்ந்தார். பாராட்டு வந்தது அதற்கெல்லாம் அப்புறம், நல்ல நிலைமையில் இருந்துகொண்டு. கார்னெகி அந்தப் பாராட்டைப் பத்திரப்படுத்தினார். வேண்டாம் என்றதையும் அவரே எழுதியிருக்கிறார், ஆனால் அதில் நிற்கவில்லை, கடந்து போய்விட்டார்.

அந்த ஒரு டாலர் எங்கே போனது என்று கேட்டால் காட்டுவதற்கு மேட்டின்மேல் கட்டடம் இருக்கிறது. அது வராமல் போன வீடுகளைக் காட்டுவதற்கு மார்கரெட் பையிங்டனின் பதிவு இருக்கிறது. 1907, 1908-ல் பிட்ஸ்பர்க்கைப் பற்றி நடந்த பெரிய ஆய்வுக்காக அவர் ஹோம்ஸ்டெட்டில் வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எழுதியவர். ஸ்லாவியக் கூலிகளின் குடியிருப்புகளில் முற்றத்துக் குழாய் ஒன்றைப் பல குடும்பங்கள் பங்கு போட்டன. குழாயடிச் சண்டை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாடகை கட்ட ஆள் சேர்த்த அறைகளில், பகல் ஷிப்டுக்காரன் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்டுக்காரன் வந்து படுத்தான். ஷிப்டு மாறும் ஞாயிற்றுக்கிழமைகளில் 24 மணி நேரம் ஒரே மூச்சாக வேலை. இது நடந்த அதே வருஷங்களில் மேட்டின்மேல் நீச்சல் குளத்தில் சுத்தமான தண்ணீர் நிறைந்திருந்தது. என் மகள் உதைத்துப் பழகிய அதே குளம்.

சங்கம் திரும்பி வர 1937 ஆனது. அதற்கு முன் 1933-ல் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் அமைச்சர் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் ஹோம்ஸ்டெட்டுக்கு வந்து ஆட்களிடம் பேச்சுக் கேட்டார். மண்டபத்துக்குள் விடப்படாத கொஞ்சம் பேர் வெளியே நின்றார்கள். அவர்களோடும் பேச வேண்டும் என்றார் அமைச்சர். அவர்கள் விஷமிகள், கூடாது என்றார் நகரத் தலைவர். பூங்காவில் பேசுகிறேன் என்றார். அங்கே கூட்டம் போடச் சட்டம் இல்லை என்றார். அமைச்சர் சுற்றிலும் பார்த்தார், தபால் ஆபீஸில் கொடி பறந்துகொண்டிருந்தது. மத்திய அரசின் இடம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே நின்று பேசினார். இந்த ஊரில்தான் கார்னெகி கொடுத்த இசையரங்கம் 35 வருஷமாக இருந்தது.

போன மாதம் கோயிலில் அண்ணனைப் பார்த்தேன். மெக்லக்கி காசு வாங்கவில்லை என்ற விஷயத்தைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நிலக்கடலையைப் புளியோதரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார். அவர் அப்பாவுக்கு ஒருமுறை கூட்டுறவுச் சங்கத்தில் கூலி பாக்கிக்குப் பதிலாகத் துணியாகக் கொடுத்ததைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

அப்புறம் கேட்டார்: "சரி கண்ணு, அந்த ஒரு டாலர் கையில வந்திருந்தா மட்டும் அவனுங்க என்ன பண்ணியிருப்பாங்க? நூலகமா கட்டியிருப்பாங்க? குடிச்சிருப்பாங்க."

"குடிச்சிருக்கலாம். அது அவங்க காசுண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இன்னொரு புளியோதரை வாங்கிட்டு வா. காசு நான் குடுக்கறேன்" என்று சட்டைப்பைக்குள் கையை விட்டார். நான் வேண்டாம் என்றேன். வற்புறுத்தினார். வாங்கிக்கொண்டேன்.